மூட்ட வேண்டாத சூளை

பத்தமடைப் பாய்க்குள் நெருப்பு மிகக் கொஞ்சம். ஆற்றோரக் கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, வெயிலில் காயப்போட்டு, கட்டுக்கட்டாகத் தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடியும் காயவைத்து, நூல் பாவில் ஊடாக ஓட்டி நெய்கிறார்கள். சாயம் காய்ச்சுகிற பொழுதுக்கு மட்டும் அடுப்பு எரியும். மற்ற வேலையெல்லாம் வெயிலும் ஆறும் விரல்களும் செய்து முடித்துவிடும். அந்தப் பாயை நெய்கிறவர்கள் முதுகு சாய்த்திருக்கிறார்களே, அந்தச் சுவருக்குள் எவ்வளவு நெருப்பு இருக்கிறது என்று ஒரு நாள் யோசிக்க நேர்ந்தது.

அன்று பக்கத்துத் தெருவில் பழைய மட்டப்பா வீடு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். தார்சா ஏற்கெனவே போயிருந்தது. பட்டாசலின் மேல் கடப்பாரை இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் நின்றாலே இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் முருங்கை வரைக்கும் ஒரே பார்வையில் தெரிந்தது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட வீடு என்றார்கள். நிலையும் கதவும் எதிர்ச் சுவரில் சாத்திவைக்கப்பட்டிருந்தன. பழைய மரக்கடைக்காரர் விலை பேசி முடித்திருந்தார். வேப்பமர நிழலில் இரண்டு பெண்கள் குவியலிலிருந்து செங்கலை ஒவ்வொன்றாக எடுத்துக் காரையைத் தட்டிவிட்டு வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. காரை அப்படியே உதிர்ந்தது. செங்கல் முனை மழுங்காமல் கைக்கு வந்தது.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு லேசா விடுது?" என்று அங்கே நின்ற கொத்தனாரிடம் கேட்டேன்.

"சுண்ணாம்புக் காரைல்லா, விட்டுரும். சிமெண்டுன்னா விடாது பாத்துக்கிடுங்க. கல்லப் பிச்சிக்கிட்டுதான் வரும்" என்றார். செங்கலை அவர் கல் என்றே சொன்னார். சுட்ட மண் கல்தானே.

சுடுவது என்கிற அந்த வேலையை முதலில் பார்த்துவிடலாம். குளத்து மண்ணைக் குழைத்து அச்சில் வார்த்துக் காயவைத்தால் கிடைப்பது பச்சைக்கல். ஒரு மழை போதும், அது மறுபடி சேறாகிவிடும். சூளைக்குள் வைத்துச் சூடேற்றும்போது, முதலில் ஈரம் போகும். சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களிமண் துகளின் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர் பிரிந்து வெளியேறும். அதற்குப் பிறகு அது களிமண் இல்லை. 900, 1000 டிகிரியை எட்டும்போது துகள்களின் விளிம்புகள் லேசாக உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆறியபின் விரலால் சுண்டினால் மணி போல ஓசை வருவது இந்த ஒட்டுதலால்தான். இனி எத்தனை மழை பெய்தாலும் அது சேறாகாது. எந்தக் குயவராலும் அதைத் திரும்பக் குழைக்க முடியாது. ஒருவழிப் பாதை அது. சுட்ட செங்கலுக்கு முன்னால் இருப்பவை இரண்டே கதிகள்: செங்கலாகவே மறுபடி ஒரு சுவரில் ஏறுவது, அல்லது உடைந்து ஜல்லியாவது.

இந்த நெருப்புக்குக் கணக்கு உண்டா? உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி.வி. வெங்கட்ராம ரெட்டியும் கே.எஸ். ஜகதீஷும் நம் நாட்டுக் கட்டுமானப் பொருள்கள் ஒவ்வொன்றையும் ஆக்குவதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று கணக்கிட்டு 2003-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ஒரு செங்கலுக்கு 4.25 மெகாஜூல். ஒரு கிலோ சிமெண்டுக்கு 5.85. ஒரு கிலோ இரும்புக்கு 42. ஒரு கிலோ கண்ணாடிக்கு 25.8. ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 237.

மெகாஜூல் என்பது நம் வீட்டில் புழங்காத அளவு. அதனால் அடுக்களைக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் முழுவதும் எரிந்தால் சுமார் 650 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். அப்படியானால் ஒரு சிலிண்டர் என்பது ஏறக்குறைய 150 செங்கல். அந்த இரண்டு பெண்களும் பத்தாயிரம் செங்கலைச் சுத்தமாக மீட்டு அடுக்கினால், 65 சிலிண்டர் அங்கே அடுக்கியிருக்கிறது என்று பொருள். ஒரு சிறு குடும்பம் பல வருடம் சமைக்கலாம். அவர்கள் கையில் இருந்த கத்தியைத் தவிர வேறு கருவி இல்லை.

முழு வீட்டுக்கும் அதே ஆய்வில் கணக்கு இருக்கிறது. செங்கல் சுவர் பாரம் தாங்கும் இரண்டு மாடி வீடு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 2.92 கிகாஜூல், கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் என்றால் 4.21. செங்கல் வீட்டுக் கணக்கை வைத்துக்கொண்டாலே ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 270 கிகாஜூல் வருகிறது. யூனிட்டில் சொன்னால் 75 ஆயிரம். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் குடும்பம் முப்பது வருடத்துக்கு மேல் விளக்கும் காற்றாடியும் போட்டுக்கொள்ளலாம். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். மேலே மலையடிவாரத்தில், 1944-ல் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையத்தின் திறன் 32 மெகாவாட். அதன் நான்கு எந்திரங்களும் முழு வேகத்தில் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் சுழன்றால்தான் இந்த ஒரு வீட்டின் கணக்கு நேராகும். சூளையின் வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒரே தராசில் வைப்பது முழுக்கச் சரியில்லைதான். அளவு மனதில் தங்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்படி ஒரு பொருளை ஆக்குவதற்குள் செலவான ஆற்றலை உள்ளுறை ஆற்றல் என்கிறோம். சங்கப் பாடல் வாசித்தவர்களுக்கு உள்ளுறை என்ற சொல் பழக்கமானது. சொன்ன காட்சிக்கு உள்ளே சொல்லாத பொருள் ஒன்று தங்கியிருப்பது. பொருத்தமான சொல்தான். ஆனாலும் அதில் ஒரு தவறான எண்ணத்துக்கு இடமிருக்கிறது. உள்ளே உறைகிறது என்றால், பேட்டரியில் மின்சாரம் இருப்பதுபோல, அணையில் தண்ணீர் நிற்பதுபோல, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படி எதுவும் இல்லை. சூளையில் எரிந்த விறகு அன்றைக்கே புகையாகப் போய்விட்டது. செங்கலை என்ன செய்தாலும் அந்த வெப்பம் திரும்பி வராது.

அமெரிக்காவில் பழைய கட்டடங்களைக் காக்கும் இயக்கத்தார் 1980-ல் ஒரு சுவரொட்டி வெளியிட்டார்கள். பெட்ரோல் கேன் வடிவத்தில் ஒரு பழைய கட்டடம். எண்ணெய்த் தட்டுப்பாட்டால் உலகம் திணறிய காலம் அது. படம் பலர் மனதிலும் பதிந்தது. ஆனால் கேனிலிருந்து பெட்ரோலை ஊற்றலாம், கட்டடத்திலிருந்து ஊற்ற முடியாது. செலவழிந்தது செலவழிந்ததுதான், அதற்காக ஏன் வீட்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று பொருளியல் படித்தவர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. பதில் வேறு பக்கம் இருக்கிறது. பழைய சுவர் நிற்கிற வரைக்கும் புதுச் சுவருக்கான சூளையை மூட்ட வேண்டியதில்லை. மிச்சமாவது பழைய நெருப்பு இல்லை. இனி எரியவிருந்த நெருப்பு. பழைய வீட்டின் மதிப்பை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஏக்கத்தில் பேசினால் பாட்டி வீடு, திண்ணை, ஊஞ்சல் என்று போய்விடுவோம். திண்ணையே இல்லாத, அழகே இல்லாத 1970-களின் சதுரப் பெட்டி வீட்டுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

சரி, கொத்தனார் சொன்ன சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் வருவோம். விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டும் ஒரே தாய்ப் பொருளிலிருந்து பிறப்பவை. சுண்ணாம்புக்கல். திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில் அது கிடைத்ததால்தான் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையை 1949-ல் அங்கே தொடங்கியது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரிக்குச் சுட்டால், 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாக வெளியேறி, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். எந்த எரிபொருளை எரித்தாலும், வெயிலைக் குவித்தே சுட்டாலும், இந்த 44 கிலோ வெளியேறியே தீரும். அது கல்லின் உள்ளேயிருந்து வருவது. அதே கல்லைக் களிமண்ணோடு அரைத்து 1450 டிகிரி வரை கொண்டுபோனால் சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் கிடைக்கிறது. மனிதர்களால் வெளியேறும் கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்டால் வருவது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

சுண்ணாம்புக்குச் சூடு குறைவு, ஆகவே செலவும் பாதியாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆய்வுக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நம் சுண்ணாம்புக் காளவாய்கள் வெப்பத்தை வெளியே விட்டுவிடுவதால், ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 5.63 மெகாஜூல் ஆகிறது, சிமெண்டின் 5.85-க்கு வெகு அருகில். ஆக்குகிற செலவில் சுண்ணாம்புக்குப் பெரிய பெருமை ஒன்றும் இல்லை. அதன் பெருமை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி, வருடக்கணக்கில் மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது; காளவாயில் கல் விட்ட மூச்சைச் சுவர் திரும்ப இழுத்துக்கொள்கிறது. எரித்த விறகின் புகை திரும்பாது, கல்லிலிருந்து வந்தது திரும்பும். இரண்டாவது, அது செங்கலைவிட மெலிவானது. வீடு லேசாக அசைந்தாலும், அடித்தளம் ஒரு நூல் இறங்கினாலும், விரிசல் காரையின் வழியாகவே போகும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். இடிக்கும்போதும் அதே கதைதான். பிடித்துக்கொள்ள வேண்டிய காலம் வரை பிடித்துக்கொண்டு, விடவேண்டிய வேளையில் விட்டுவிடும்.

கெட்டியான சிமெண்டுக் கலவை செங்கலைவிட உறுதியாகிவிடுவதுண்டு. அப்போது தட்டினால் உடைவது செங்கல். நாம் வலுவென்று நினைத்து ஊற்றிய கலவை, அந்தச் செங்கல்லின் அடுத்த பிறவியை இல்லாமல் செய்துவிடுகிறது. கடந்த அறுபது எழுபது வருடங்களில் கட்டிய வீடுகளை நம் பேரப்பிள்ளைகள் இடிக்கும்போது நிழலில் உட்கார்ந்து யாரும் செங்கல் அடுக்க மாட்டார்கள். ஜல்லியும் தூசியும்தான் மிஞ்சும். சுமை தாங்கும் பெரிய கட்டடங்களுக்குச் சிமெண்டு வேண்டும், மறுக்கவில்லை. ஒரு மாடி வீட்டின் உட்சுவருக்கு அவ்வளவு கெட்டியான கலவை எதற்கு என்பதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்த மட்டப்பாவையும் கவனித்தேன். பழையவர்களின் கணக்கு எனக்கு வியப்பூட்டியது அங்கேதான். மர உத்திரத்தின் மேல் கட்டைகளை வரிசையாகப் போட்டு, சிறு செங்கல்லைச் சாய்வாக, நிறுத்தின வாக்கில் சுண்ணாம்பில் பதித்து, அதன் மேல் உடைந்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இரும்புக் கம்பி கிடையாது. சூளையிலும் வேலையிலும் உடைந்துபோன செங்கல்லுக்குக்கூட அந்தக் கூரையில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தது.

உத்திரம் மரம். காய்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. அந்த மரம் உயிரோடு நின்ற காலத்தில் காற்றிலிருந்து எடுத்தது. 100 கிலோ உத்திரம் ஒன்று சுமார் 180 கிலோ கரியமில வாயுவைக் கூரையில் கட்டி வைத்திருக்கிறது. அது உத்திரமாகவோ நிலையாகவோ மேசையாகவோ இருக்கும்வரை கட்டு அவிழாது. வெட்டி அடுப்பில் வைத்த அன்றைக்கே அவிழ்ந்துவிடும். அதை விறகாக்கிவிட்டு, புது வீட்டுக்கு அலுமினிய ஜன்னல் வாங்குகிறோம். பத்துக் கிலோ அலுமினியச் சட்டத்துக்கு மூன்றரைச் சிலிண்டருக்கு மேல் ஆகிறது.

பழைய அலுமினியத்தை உருக்கினால் புதிதாக எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றலே போதும் என்பது உண்மை. உருக்கி வார்ப்பது நல்ல வேலை. ஆனால் உருக்காமல் இருப்பது அதைவிட நல்லது. முழு வீடாக இருந்தால் முழு வீடாக. முடியாவிட்டால் நிலை நிலையாக, செங்கல் செங்கலாக. அதுவும் முடியாவிட்டால்தான் ஜல்லியாக, பழைய இரும்பாக. ஒவ்வொரு படி இறங்கும்போதும் சூளைக்கு ஒரு படி நெருங்குகிறோம். லாரி வாடகையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: செங்கலை 100 கிலோமீட்டர் ஏற்றிச் செல்ல ஆகும் ஆற்றல், அதைச் சுட ஆனதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. காரைக்குடியிலிருந்து வந்தாலும் பழைய செங்கல் பழைய செங்கல்தான்.

இதற்கு முன்னோடி தேடி வெளியூர் போகவேண்டாம். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற பதினொரு வளைவுப் பாலத்தில் பஸ்ஸில் போகாதவர் யார்? கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியாரின் பொருளுதவியால் எழுந்து 1843-ல் திறந்த பாலம். மாட்டுவண்டிக்காகக் கட்டியது. கூட்டம் பெருகியபோது அதை இடிக்காமல் அகலப்படுத்தினார்கள்; வண்டிப் பாலம் இன்று பஸ்ஸையும் லாரியையும் சுமக்கிறது. பாளையங்கோட்டையில் மேடை போலீஸ் ஸ்டேஷன் என்று எல்லோரும் சொல்லும் கட்டடம், காணாமற்போன கோட்டையின் மேற்கு வாசல். கோட்டை போனபின்னும் வாசலுக்கு வேலை கிடைத்தது.

பத்தமடைக்கு மேற்கே, ஆழ்வார்குறிச்சிப் பக்கம் உள்ள ஆம்பூரின் அக்ரகாரத்து வீடு ஒன்று இன்று சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் நிற்கிறது. 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், பிரித்தெடுத்து மறுபடி கோத்த தென்னாட்டு வீடுகளில் அதுவும் ஒன்று. அந்த வளாகத்தின் வடிவமைப்பில் லாரி பேக்கருக்குப் பங்கு உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு, இடித்த வீடுகளின் ஜன்னலையும் கதவையும் ஓட்டையும் புது வீடுகளில் சேர்த்துக் கட்டியவர் அவர். வெளிநாட்டிலும் காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பிரான்சின் போர்தோ நகரில் 530 குடியிருப்புகள் கொண்ட பழைய அடுக்குமாடிகளை, குடியிருப்பவர்களை வெளியேற்றாமலேயே விரித்துப் புதுப்பித்தவர்கள் லகாத்தோன், வசால் என்ற இருவர். கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் 2021-ல் அவர்களுக்குக் கிடைத்தது.

நம்மிடம் உள்ள தடை ஒன்றையும் மறைக்காமல் பேசவேண்டும். இன்னொருவர் வீட்டு நிலையைப் புது வீட்டில் வைக்கக்கூடாது, ராசி இல்லை என்பார்கள். நம்புகிறவர்களின் மனதைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். நம் கோயில்களில் தரைக் கல்லிலும் மதிலிலும் துண்டுக் கல்வெட்டுகள் தலைகீழாகப் பதிந்திருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். பழைய மண்டபத்தின் கல்லைத் திருப்பணியில் மறுபடி பயன்படுத்தியதால் வந்தவை அவை. அந்தக் கல்வெட்டுகள் துண்டானதில் வரலாற்றுக்கு நட்டம்தான். ஆனால் இறைவன் வீட்டுக்கு ஆகும் பழைய கல் நம் வீட்டுக்கு ஆகாதா?

எல்லாப் பழைய வீட்டையும் காக்க முடியாது. கரையான் உத்திரத்தின் சுவர் முனையைத் தின்றிருந்தால், கூரை இறங்கும் வீட்டில் பிள்ளைகளைப் படுக்க வைத்துக்கொண்டு ஆற்றல் கணக்குப் பேசுவது பாவம். பல வீடுகளில் வெளிச்சமும் கழிவறையும் போதாது. ஆனால் முனை மக்கிய உத்திரத்தை மட்டும் மாற்றலாம். புறவாசலில் குளியலறை கட்டலாம். தட்டோடு பெயர்ந்த இடத்தில் பதிக்கலாம். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பூசவேண்டும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பொரிந்து, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு ஏடாக உரிந்து விழும். வீட்டுக்காரர் பழைய சுவரைத் திட்டுவார். குற்றம் புதுப் பூச்சில் இருக்கும்.

புதுக் கட்டடம் மின்சாரம் மிச்சப்படுத்தும் என்ற வாதமும் உண்டு. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு இதை நேராக ஒப்பிட்டது. திறன் மிகுந்த புதுக் கட்டடம், தன்னைக் கட்டியதால் பருவநிலைக்கு உண்டான கெடுதியை ஈடுகட்டக் கட்டட வகையைப் பொறுத்து 10 முதல் 80 வருடம் ஆகிறது. குளிருக்கும் வெப்பத்துக்கும் எந்திரத்தை நம்பி வாழும் நாட்டிலேயே இந்த நிலை. காற்றாடியோடு கோடையைத் தாண்டும் பத்தமடை வீட்டில் புதிதாக மிச்சப்படுத்த அவ்வளவு மின்சாரம் ஏது?

இன்னொன்றும் சேர்த்து மிஞ்சுகிறது. மணல். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடி 2010-ல் தடை வாங்கியவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஆர். நல்லகண்ணு. அந்த மணல் எங்கே போனது? கலவைக்கும் பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும். நிற்கிற சுவர் ஒவ்வொன்றும் ஆற்றில் கிடக்கிற மணல். கோரை வேர் பிடிப்பதும் பாய்க்குக் கோரை ஊறுவதும் அந்த ஆற்றங்கரையில்தான்.

பத்தமடையிலோ கல்லிடைக்குறிச்சியிலோ கோபாலசமுத்திரத்திலோ வீடு இடிக்க நாள் குறித்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஜேசிபிக்குச் சொல்லும் முன் வயதான கொத்தனார் ஒருவரை ஒரு நாள் சம்பளம் கொடுத்து வரச்சொல்லுங்கள். செங்கலைத் தட்டி ஓசை கேட்கச் சொல்லுங்கள். உத்திரத்தில் உளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை கல் தேறும், எத்தனை நிலை, எவ்வளவு தட்டோடு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.